கத்தாமல் பொறாமையைக் காட்டுவது எப்படி: ஒரே மாலையில் மூன்று ஓரங்க நாடகங்கள்

வெள்ளோட்டம் எழுதுகிறார்:

வணக்கம். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் ஒத்திகைக்குக் கூடும் ஒன்பது பேர் கொண்ட சிறு நாடகக் குழு எங்களுடையது. இம்முறை ஒரே மாலையில் மூன்று ஓரங்க நாடகங்களை அடுத்தடுத்து மேடையேற்றத் தீர்மானித்திருக்கிறோம். மூன்றும் குழுவினரே எழுதியவை, மூன்றும் மண உறவைச் சுற்றியே நடப்பவை, ஒவ்வொன்றும் 25 முதல் 30 நிமிடங்கள் வரை ஓடக்கூடியவை.

முதல் நாடகத்தில், வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருக்கும் கணவன் ஒரு மெட்டை முணுமுணுக்கிறான். பதினோரு ஆண்டு மணவாழ்வில் அவன் பாடி அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த மெட்டு அவனுக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் அவள் மனத்தை அரிக்கும் கேள்வி. ஆனால் நாடகம் நெடுகிலும் அவர்கள் மின்கட்டணத்தையும் வரப்போகும் விருந்தினரையும் பற்றியே பேசுகிறார்கள்; கடைசிப் பக்கத்தில்தான் அவள் அதைக் கேட்கிறாள். இரண்டாவது, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நடக்கிறது: உள்ளே நினைவின்றிக் கிடக்கும் ஒருவருக்காக அவருடைய மனைவியும் இன்னொரு பெண்ணும் ஒரே பெஞ்சில் காத்திருக்கிறார்கள். மூன்றாவதில், பிரிந்துவிட முடிவுசெய்த கணவனும் மனைவியும் புத்தக அலமாரியைப் பங்கிட உட்காருகிறார்கள். பங்கிடும்போதே பழைய வேட்கை திரும்பி வருகிறது.

சென்ற வாரம் நண்பர்கள் இருபது பேரை அழைத்து மூன்றையும் நடித்துக் காட்டினோம். எழுத்தில் இருந்த இறுக்கம் மேடையில் இல்லை. முதல் நாடகத்தில் ஏழாவது, எட்டாவது நிமிடத்திலேயே இருவரும் உச்சக்குரலுக்குப் போய்விட்டார்கள். அதற்குமேல் ஏறிப்போக நாடகத்துக்கு இடமே இல்லாமல் போயிற்று. மூன்றாவது நாடகத்தில் கணவன் மனைவியின் கன்னத்தைத் தொடும்போது பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது இன்னொன்று. அதே நாடகத்தில் மணிக்கட்டைப் பற்றி இழுக்கும் கட்டத்தில் நடிகர் உணர்ச்சிவேகத்தில் உண்மையாகவே இறுக்கிப் பிடித்துவிட, நடித்த பெண்ணின் கையில் கன்றிய தடம் விழுந்துவிட்டது. அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் நானே பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நெறியாளர் என்ற முறையில் அதற்குப் பொறுப்பு என்னுடையது.

இறுக்கத்தைப் படிப்படியாக ஏற்றுவது எப்படி, நெருக்கமான கட்டங்களை நடிகர்களுக்கும் பார்வையாளர்களுக்கும் கூச்சமின்றி அமைப்பது எப்படி, மூன்று நாடகங்களையும் எந்த வரிசையில் போடுவது என்று அனுபவமுள்ளவர்கள் எழுதினால் கடமைப்பட்டவனாவேன்.

பழம்பிரதி எழுதுகிறார்:

உங்கள் முதல் சிக்கலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்றவற்றில் பாதி அதிலிருந்துதான் பிறக்கிறது.

‘நீ பொறாமைப்படுகிறாய்’ என்று நடிகரிடம் சொன்னால் அவரால் கோபத்தைத்தான் காட்ட முடியும், ஏனென்றால் கோபத்துக்குக் குரல் இருக்கிறது, கை கால் இருக்கிறது. பொறாமைக்கு அப்படி எதுவும் இல்லை. பொறாமை கொண்டவர் உண்மை தெரிந்தாக வேண்டும் என்று துடிக்கிறார். தெரிந்துவிட்டால் தாங்க மாட்டோம் என்று அதே நொடியில் அஞ்சவும் செய்கிறார். கேட்க வேண்டும், கேட்டுவிடவும் கூடாது. இந்த இரண்டும் சம வலுவோடு இழுக்கும்வரைதான் நாடகம் இறுக்கமாக இருக்கும். கத்தியவுடன் கயிற்றின் ஒரு முனை கைவிடப்படுகிறது. அவர் கேட்டாயிற்று, இனி அஞ்சுவதற்கு ஒன்றும் இல்லை. உங்கள் பிரதியில் கேள்வி கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் உங்கள் நடிகை அதை எட்டாவது நிமிடத்திலேயே குரலால் கேட்டுவிட்டார்.

இதற்கு நான் ஒத்திகையில் முதலில் எடுத்துக்கொள்ளும் பாடம் திருக்குறளின் 132ஆம் அதிகாரமான, ஊடலின் நுட்பங்களைச் சொல்லும் புலவி நுணுக்கம். அதன் கடைசி நான்கு குறள்களை ஒரு நாடகத்தின் நான்கு காட்சிகளாகப் படித்துப் பாருங்கள். தலைவன் தும்முகிறான், அவள் வாயார வாழ்த்துகிறாள், உடனே யார் நினைத்ததால் தும்மினீர் என்று அழுகிறாள். அடுத்த முறை அவன் தும்மலை அடக்குகிறான்; உம்மவர் நினைப்பதை என்னிடம் மறைக்கிறீரோ என்று அதற்கும் அழுகிறாள். அவன் பணிந்து தேற்றுகிறான். மற்றப் பெண்களிடமும் இப்படித்தான் பணிவீரோ என்று சினக்கிறாள். இறுதியில் அவன் எதுவும் செய்யாமல் அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறான். யாரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறீர் என்கிறாள். தும்மினாலும் சான்று, தும்மாவிட்டாலும் சான்று, சும்மா இருப்பதும் சான்று. ஒவ்வொரு படியிலும் அவனுக்கு ஒரு கதவு அடைபடுகிறது. அவள் குரல் உயர்ந்ததாக அங்கே ஒரு சொல்கூட இல்லை. உங்கள் முதல் பிரதியை எடுத்துக்கொண்டு, மனைவி எந்தெந்த வரியில் கணவனின் ஒரு கதவை அடைக்கிறாள் என்று பென்சிலால் குறியுங்கள். 28 நிமிட நாடகத்தில் அப்படி ஏழெட்டு இடங்கள் இருந்தால் போதும். அவற்றுக்கிடையே நடிகர்கள் சாதாரணமாகப் பேசட்டும், உண்மையாகவே மின்கட்டணத்தைப் பற்றிப் பேசட்டும்.

இரண்டாவது நாடகத்துக்கு ஸ்வீடன் நாடக ஆசிரியர் ஸ்ட்ரின்ட்பெர்க்கின் ‘தி ஸ்ட்ராங்கர்’ என்ற சிறு நாடகத்தை அவசியம் படியுங்கள். 1889ஆம் ஆண்டு முதன்முதலாக மேடையேறிய அந்த நாடகத்தில் இரண்டு பெண்கள் சந்திக்கிறார்கள். ஒருத்தி மட்டுமே பேசுகிறாள், மற்றவள் கடைசிவரை ஒரு சொல் பேசுவதில்லை. பேசுபவள் தன் பேச்சின் நடுவிலேயே தன் கணவனுக்கும் எதிரே இருப்பவளுக்கும் இருந்த உறவைக் கண்டுகொள்கிறாள். அந்த மௌனப் பாத்திரம்தான் கடினமானது. உங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ‘இன்னொரு பெண்’ணுக்கு எத்தனை வரிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். பாதியை நீக்கிவிட்டு, நீக்கிய ஒவ்வொரு வரியின் இடத்திலும் அவர் அதைச் சொல்லாமல் விழுங்குவதை நடிக்கச் சொல்லுங்கள்.

முதல் நாடகத்துக்குத் திரும்புகிறேன். உங்கள் கணவனும் மனைவியும் மேடையில் கைகளால் என்ன செய்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. அவன் போட்டிருக்கும் சட்டையின் மேல் பொத்தான் ஒன்று அறுந்து தொங்குகிறது; கழற்ற நேரமில்லை, போட்டபடியே அவள் தைத்துக் கொடுக்கிறாள். ஊசி அவன் தொண்டைக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் போய்வந்துகொண்டிருக்கும்போது அவன் அந்த மெட்டை முணுமுணுக்கட்டும். தைத்து முடித்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுக்க அவள் அவன் மார்பருகே குனிந்தாக வேண்டும். அவள் அங்கே எதை முகர்கிறாள், எவ்வளவு நேரம் குனிந்திருக்கிறாள் என்பதைப் பார்வையாளர்கள் தாமாகவே கவனிப்பார்கள். வேட்கையும் பொறாமையும் தனித்தனியாக நடிக்கப்பட வேண்டியதில்லை. அந்தக் குனிவில் இரண்டும் இருக்கின்றன.

ஒத்திகைக்கு ஒரு பயிற்சி: இருவரையும் முதுகோடு முதுகு ஒட்டி உட்காரவைத்து, பக்கத்து அறையில் குழந்தை தூங்குவதாக வைத்துக்கொண்டு முழுப் பிரதியையும் சொல்லச் சொல்லுங்கள். யார் குரல் முதலில் உயர்கிறதோ அங்கே நிறுத்தி மீண்டும் முதல் வரியிலிருந்து தொடங்குங்கள். முதல் நாள் இரண்டாம் பக்கத்தைத் தாண்ட மாட்டார்கள். நான்காம் நாள் நீங்களே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பீர்கள்.

கடைசியாக ஒன்று. கணவன் உண்மையில் தவறினானா என்பதை அவனாக நடிப்பவர் மட்டும் முடிவுசெய்து மனத்துக்குள் வைத்துக்கொள்ளட்டும். மனைவியாக நடிப்பவருக்குத் தெரிய வேண்டாம். ஆங்கில நாடக ஆசிரியர் பின்டரின் ‘தி கலெக்‌ஷன்’ நாடகம் 1961இல் எழுதப்பட்டது. ஓர் இரவில் உண்மையில் என்ன நடந்தது என்பது அந்த நாடகம் முடிந்த பின்னும் தீர்வதில்லை. அந்த ஐயம் நடிகையின் கண்ணில் உண்மையாக இருக்க வேண்டும்.

ஒப்பனையறை எழுதுகிறார்:

மணிக்கட்டுச் சம்பவத்தை மறைக்காமல் எழுதியதற்காக உங்களுக்கு முதலில் நன்றி சொல்கிறேன். நான் 14 ஆண்டுகளாக மேடையில் நடிக்கிறேன். கன்றிய கையோடு ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போனவர்களில் நானும் ஒருத்தி. அவர் ஏன் சொல்லவில்லை என்பதற்குக் காரணம் பெரும்பாலும் எளிமையானது: காட்சி நன்றாக வந்தது என்று எல்லோரும் பாராட்டிக்கொண்டிருக்கும்போது, வலித்தது என்று சொல்வது குறை சொல்வதுபோல் ஆகிவிடும். அவரோடு தனியாகப் பேசுங்கள். விசாரணையாக அல்லாமல், அந்தக் கட்டத்தை எப்படி மாற்றினால் அவருக்கு நிம்மதியாக இருக்கும் என்று கேளுங்கள்.

மேடைச் சண்டையில் பாதிக்கப்படும் பாத்திரமாக நடிப்பவரே அசைவைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது அடிப்படை விதி. பற்றுபவர் தன் விரல்களை வளையல்போல் தளர்வாக வைத்திருப்பார். இழுக்கப்படுபவர்தான் தன் முழங்கையையும் தோளையும் இறுக்கி, இழுபடுவதுபோல் தானே முன்னே நகர்வார். முடியைப் பிடித்து இழுக்கும் காட்சியிலும் அப்படித்தான்: பிடித்தவரின் கையைப் பிடிபட்டவர் தன் இரு கைகளாலும் தலையோடு அழுத்திக்கொள்வார். அறையும் கட்டத்தில் கை முகத்தைத் தொடாமலே கடந்து போகும். ஒலியை இருவரில் ஒருவர் அவைக்குத் தெரியாமல் தன் உடலில் தட்டி எழுப்புவார். ஒவ்வொரு காட்சி நாளன்றும் திரை திறப்பதற்கு முன் இந்த அசைவுகளை மட்டும் பாதி வேகத்தில் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். நூறாவது காட்சியானாலும் இதை விடக்கூடாது. உணர்ச்சிவேகத்தில் நேர்ந்துவிட்டது என்று எந்த நடிகர் சொன்னாலும் நான் அதை ஏற்பதில்லை. உணர்ச்சி வேகமெடுக்கும்போதும் கை பழகிய வழியில் போக வேண்டும் என்பதற்காகத்தானே ஒத்திகை பார்க்கிறோம்.

நெருக்கமான கட்டங்களுக்கும் இதே ஒழுங்குதான். 2016இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட இன்டிமஸி டைரக்டர்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு இதற்கென ஐந்து தூண்களை முன்வைத்தது. கதையில் இந்தத் தொடுகை ஏன் தேவை என்ற சூழல், இருவரின் இசைவு, தடையில்லாத உரையாடல், அசைவுகளை முன்கூட்டியே வகுப்பது, காட்சி முடிந்ததும் பாத்திரத்திலிருந்து வெளியேறும் நிறைவு என்பனவே அவை. கடைசித் தூணைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். நானும் என் சக நடிகரும் ஒவ்வோர் ஒத்திகையின் முடிவிலும் உள்ளங்கைகளை ஒருமுறை தட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் சொந்தப் பெயர் சொல்லி அழைத்துவிட்டுப் பிரிவோம். பத்து நொடிதான் ஆகும். ஆனால் மணமானவர்கள் வேறொருவரின் துணையாக நடித்துவிட்டு வீடு திரும்பும்போது அந்தப் பத்து நொடி மிகவும் உதவுகிறது.

உங்கள் அவை ஏன் சிரித்தது என்று எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். ‘கன்னத்தைத் தொடுகிறான்’ என்று மட்டும் பிரதியில் இருந்திருக்கும். எந்தக் கை, எந்த விரல், எவ்வளவு நேரம் என்று தீர்மானிக்கப்படாததால் நடிகரின் கை ஒரு கணம் தயங்கியிருக்கும். அது பாத்திரத்தின் தயக்கமா நடிகரின் தயக்கமா என்பதை அவை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடும். வலது கையின் விரல் முதுகு, காதுமடலிலிருந்து தாடை வரை, அவள் ஒருமுறை மூச்சிழுத்து விடும் நேரம், பிறகு அவள் முகத்தைத் திருப்புவதற்கு முன்பே கை விலகிவிடுகிறது என்று எண்ணி எண்ணிப் பழகுங்கள். இப்படி எண்ணினால் உயிர் போய்விடுமே என்று அஞ்ச வேண்டாம். நடனக் கலைஞரும் தாளத்தை எண்ணித்தான் ஆடுகிறார்.

மேலும், தொடுகைக்கு முன்னால் இருக்கும் ஒரு சாண் இடைவெளியில்தான் வேட்கை இருக்கிறது. தொட்ட பிறகு அது வேறொன்றாக மாறிவிடுகிறது. புத்தகங்களைப் பங்கிடும் காட்சியில் இருவரும் ஒரே புத்தகத்தை இரு பக்கமும் பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கும் ஒரு கணம் இருக்கட்டும். விரல்கள் படவே வேண்டாம். அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் யார் யாருக்கு என்ன எழுதிக் கொடுத்தார்கள் என்பது இருவருக்கும் தெரியும், அவைக்குத் தெரியாது. அந்தக் கணம் நிலைத்தால் கன்னத் தொடுகை தேவையா என்றே நீங்கள் மறுபடி யோசிக்கக்கூடும்.

பழம்பிரதி அவர்களின் ஒரு கருத்தோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. கணவனின் குற்றத்தை நடிகையிடமிருந்து மறைப்பது ஒத்திகையில் வேண்டுமானால் பயன்படலாம். மேடையில், எதிரே நிற்பவர் தன்னிடம் எதையோ ஒளிக்கிறார் என்ற எண்ணம், உடல் நெருக்கம் உள்ள நாடகத்தில் நம்பிக்கையைக் குறைக்கிறது. பாத்திரத்துக்குத் தெரியாததை நடிகை தெரிந்துகொண்டும் நடிக்க முடியும்; அதற்குத்தான் நடிகை.

மூன்றாம்மணி எழுதுகிறார்:

நான் ஒளியமைப்பும் மேடை நிர்வாகமும் செய்பவன். மேலே இருவரும் நடிப்பைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். நான் அரங்கைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் பார்வையாளர்களை அருகே கொண்டுவாருங்கள். இவ்வகை நாடகத்தை எழுதியவர்களே அதைக் கேட்டிருக்கிறார்கள். ஸ்ட்ரின்ட்பெர்க் 1888இல் ‘மிஸ் ஜூலி’க்கு எழுதிய முன்னுரையில், மேடையின் கீழ்முன்னிருந்து முகத்தில் அடிக்கும் அடிவிளக்குகளை எடுத்துவிட வேண்டும், சிறிய மேடையும் சிறிய அவையும் வேண்டும், இடைவேளை கூடாது, ஏனென்றால் இடைவேளையில் பார்வையாளர் நாடகத்தின் பிடியிலிருந்து நழுவிவிடுகிறார் என்று வாதிட்டார். பின்னர் 1907இல் ஸ்டாக்ஹோமில் அவர் பங்கெடுத்துத் தொடங்கிய இன்டிமேட் தியேட்டரில் 161 இருக்கைகள் மட்டுமே இருந்தன. உங்களுக்குப் பெரிய கூடம்தான் கிடைத்திருக்கிறது என்றால் பின்வரிசைகளைக் கயிறு கட்டி மூடிவிடுங்கள். நூல் அறுக்கும் குனிவு பதினைந்தாவது வரிசைக்குத் தெரியாது.

நெருக்கமான கட்டம் வந்ததும் ஒளியை மங்கவைக்கும் பழக்கத்தைக் கைவிடுங்கள். மங்கினால் ‘இனிப் பார்க்க வேண்டாம்’ என்று அவைக்குச் சொல்வதாகிறது. அங்கேதான் சிரிப்பும் வருகிறது. அதற்கு மாறாக, நாடகம் தொடங்கும்போது அறை முழுவதும் ஒளி இருக்கட்டும். பத்துப் பன்னிரண்டு நிமிடங்கள் நீளும் ஒரே க்யூவில், அதாவது முன்கூட்டியே குறித்துவைத்த ஒரே ஒளிமாற்றத்தில், ஓரங்கள் மட்டும் மெல்ல மெல்லக் குறையட்டும். எப்போது குறைந்தது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் அறை சுருங்கிவிட்டதை எல்லோரும் உணர்வார்கள்.

மௌனத்தை நம்பும் நாடகத்தில் மௌனத்தைக் காது கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். எல்.இ.டி. விளக்குகள் சிலவற்றின் விசிறி சுழலும் ஒலியும், ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரில் பாதி அளவுக்குக் குறைத்த ஹாலோஜன் விளக்குகளின் ரீங்காரமும் சத்தமான நாடகத்தில் கேட்பதில்லை. இங்கே ஆறாவது நொடியில் கேட்கும். ஒளியையும் ஒலியையும் சரிபார்க்கும் டெக்னிக்கல் ஒத்திகையில் எல்லா விளக்குகளையும் போட்டுவிட்டு இரண்டு நிமிடம் யாரும் பேசாமல் உட்காருங்கள். பின்னணி இசை வேண்டவே வேண்டாம், குறிப்பாக முதல் நாடகத்தில். அங்கே இருக்கும் ஒரே இசை அவன் முணுமுணுப்பாக இருக்க வேண்டும்.

மணிக்கட்டை இழுப்பது முற்றிலும் தேவையா என்று கேட்கத் தோன்றுகிறது. அமெரிக்க நாடக ஆசிரியர் யூஜின் ஓநீல் 1916இல் எழுதிய ‘பிஃபோர் பிரேக்ஃபாஸ்ட்’ ஓரங்க நாடகத்தில் மேடையில் பேசுவது மனைவி மட்டும். பக்கத்து அறையில் இருக்கும் கணவனின் கை மட்டும் ஒருமுறை கதவு வழியே நீள்கிறது. ஒரு கைக்கு அவ்வளவு கனம் கொடுக்க முடியும். உங்கள் நாடகத்தில் கை நிறைய வேலை செய்துவிடுகிறது என்று அஞ்சுகிறேன்.

வரிசை பற்றி: மெட்டு நாடகத்தை முதலில் வைக்காதீர்கள். அவை இன்னும் இருமிக்கொண்டும் இருக்கையைச் சரிசெய்துகொண்டும் இருக்கும் நேரம் அது. புத்தக அலமாரியை முதலில் வையுங்கள். அதில் சிரிப்புக்கு இடம் இருக்கிறது, அந்தச் சிரிப்பை அடக்காமல் முதல் பத்து நிமிடத்திலேயே தாராளமாக அனுமதியுங்கள். ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1888இல் எழுதிய ‘கரடி’ நாடகத்தில், கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டு வந்தவனும் விதவையும் சண்டையிட்டு, துப்பாக்கிச் சண்டைக்கு அறைகூவி, கடைசியில் முத்தத்தில் முடிகிறார்கள், அதுவரை வயிறு குலுங்கச் சிரித்த அவை அந்த முத்தத்தை மனமார ஏற்கிறது. சிரிக்க விட்ட அவை வேண்டாத இடத்தில் சிரிக்காது. அடுத்து மருத்துவமனை, கடைசியில் மெட்டு. நாடகங்களுக்கிடையே விளக்கை முழுவதும் அணைத்துவிட்டுப் பொருள்களை இழுக்காமல், அரை வெளிச்சத்தில் நடிகர்களே அவற்றை இடம் மாற்றட்டும். ஒரே பெஞ்சும் ஒரே அலமாரியும் மூன்றுக்கும் போதும்.

வெள்ளோட்டம் எழுதுகிறார்:

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

அந்த நடிகையிடம் தனியாகப் பேசினேன். ஒப்பனையறை அவர்கள் ஊகித்தது அப்படியே சரியாக இருந்தது. மணிக்கட்டு இழுப்பை முழுவதும் நீக்கிவிட்டோம். அந்த இடத்தில்தான் இப்போது ஒரே புத்தகத்தை இருவரும் பிடித்திருக்கிறார்கள். கன்னத் தொடுகை இருக்கிறது, ஆனால் எண்ணப்பட்ட தொடுகை. நீக்குமாறு முதலில் சொன்னவர் இழுத்துப் பிடித்த நடிகர்தான் என்பதையும் அவருக்கு நியாயமாகச் சொல்ல வேண்டும்.

முதுகோடு முதுகாக உட்காரும் பயிற்சியில் முதல் நாள் ஒன்றரைப் பக்கம்தான் போனோம். பொத்தான் தைப்பதைப் பல நாள் பழகினோம். முனை மழுங்கிய தடித்த ஊசியையும், முன்கூட்டியே பெரிதாக்கிவைத்த பொத்தான் துளைகளையும் பயன்படுத்துகிறோம். நூலை ஒரு பக்கம் பாதி அறுத்து வைத்துவிடுவதால் பல்லில் வைத்ததும் எளிதில் அறுகிறது. கணவன் உண்மையில் என்ன செய்தான் என்பதை இருவரும் சேர்ந்தே முடிவுசெய்துகொண்டார்கள். அது எனக்குத்தான் தெரியாது.

நேற்றைய ஒத்திகையில் எதிர்பாராத ஒன்று நடந்தது. அவள் நூலைக் கடிக்கக் குனிந்தபோது நடிகர் தன்னையறியாமல் முணுமுணுப்பை நிறுத்திவிட்டார். அறை அப்படியே உறைந்துவிட்டது. அவள் குனிந்தபடியே, நிமிராமல், அந்த மெட்டின் அடுத்த அடியை மெல்ல முணுமுணுத்தாள். பிரதியில் அப்படி எதுவும் இல்லை. அந்தக் கணத்தில் நடிகைக்குத் தோன்றியதாம். எழுதிய நண்பர் இதைக் கேட்டு அதிர்ந்துபோயிருக்கிறார். அவளுக்கும் அந்த மெட்டு தெரியும் என்றால் கடைசிப் பக்கத்தின் கேள்விக்கே பொருளில்லை, நாடகம் கெட்டுவிட்டது என்கிறார். எனக்கோ இதை விட மனமில்லை. என்ன செய்யலாம்?

பழம்பிரதி எழுதுகிறார்:

ஒப்பனையறை அவர்களின் மறுப்பை ஏற்றுக்கொள்கிறேன். உங்கள் நடிகர்கள் அதைத் தீர்த்துக்கொண்ட விதம் என் யோசனையைவிட நன்றாக இருக்கிறது.

உங்கள் நண்பர் சொல்வதும் சரிதான், அது அவர் எழுதிய நாடகம் அன்று. ஆனால் அந்த ஓர் அடிக்குள் எத்தனை நாடகங்கள் இருக்கின்றன என்று அவரிடம் சொல்லுங்கள். அவன் பல நாளாக வீட்டில் முணுமுணுத்து அவளுக்கு அது பாடமாகியிருக்கலாம், அவள் அதை வேறெங்கோ, வேறு யாரிடமோ கேட்டிருக்கலாம், தேடிப்போய்க் கண்டுபிடித்திருக்கலாம். இப்போது அவனுக்கும் ஒரு கேள்வி பிறந்துவிட்டது, அவனாலும் அதைக் கேட்க முடியாது. பிரதியை எழுதியவரின் ஒப்புதல் இல்லாமல் மாற்ற வேண்டாம். அவரை ஒத்திகைக்கு அழைத்து, முன்னறிவிப்பு ஏதும் இல்லாமல் இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்து நடித்துக் காட்டுங்கள். இரண்டாவது வடிவத்தில் கடைசிப் பக்கத்தை நடிக்காதீர்கள். அவள் நிமிர்ந்து, ஊசியை நூற்கண்டில் குத்திவைத்து, நேரமாகிறது என்று சொல்லட்டும். அவன் பையை எடுத்துக்கொண்டு போகட்டும். அதன்பின் விளக்கை எரியவிட்டபடியே, உங்கள் நண்பர் தானாக வாய் திறக்கும்வரை யாரும் எதுவும் பேசாமல் இருங்கள்.